கீரிமலைக்காரரின் சட்டைப்பையில் ஒரு நூலக அட்டை

கீரிமலைக்கு வருகிறவர்கள் துவாயோடு வருகிறார்கள். ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன், வெயில் எறிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளுக்குக் கேணிக் குளிப்பு, அப்படியே நகுலேஸ்வரத்தில் ஓர் அர்ச்சனை. கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்தான்; அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நன்னீர். குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் கரையோரம் வந்து ஊறுகிற விந்தையைப் பார்த்துவிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு இருட்ட முன்னம் திரும்பிவிடுவார்கள்.

இது அவர்களுக்கான கட்டுரை அல்ல. கடைசி பஸ் போன பிறகும் ஊரில் இருக்கிறவர்களுக்கானது.

பொழுதுபோக்கு என்றால் இப்போது காசு. யாழ்ப்பாணம் இங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் ரவுணுக்குப் போய் ஒரு படம் பார்த்து, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் குடித்துத் திரும்பினால், கூலி வேலை செய்பவரின் ஒரு நாள் உழைப்பு அதற்குள் கரைந்துவிடும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் முதலில் நின்றது பத்திரிகை. அடுத்தது பிள்ளைகளுக்கு வாங்குகிற கதைப்புத்தகம். மிஞ்சியிருப்பது கைத்தொலைபேசி. அதற்கும் டேட்டா போட வேண்டும்.

இந்தக் கணக்குக்குள் நாங்கள் சேர்க்காமல் விட்ட ஒரு பொருள் இருக்கிறது: பொது நூலக அங்கத்துவ அட்டை.

பிரதேச சபை என்றால் குப்பை அள்ளுகிற, தெருவிளக்குப் போடுகிற, சந்தையைக் குத்தகைக்கு விடுகிற இடம் என்றுதான் எங்களுக்கு நினைப்பு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் பொது நூலகங்களை நடத்துவதும் அதே சபைதான். கீரிமலை வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்குள் வருகிறது. சபையின் நூலகம் ஒன்றுக்குள் போய்ப் பத்திரிகை பார்ப்பதற்கு அட்டையே தேவையில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருக்கலாம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் அங்கத்துவம். ஒரு விண்ணப்பப் படிவம், அடையாள அட்டை, எல்லைக்குள் வசிக்கிறீர்கள் என்பதற்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் (ஊரில் இன்னமும் அவர் விதானையார்தான்), பிணை நிற்க ஒருவர், சிறு கட்டணம். சபைக்குச் சபை இது கொஞ்சம் மாறும். எங்கே மாறினாலும், கடையில் ஒரு நாவல் வாங்குகிற காசு கூட வராது.

அப்படியிருந்தும் நூலகத்தின் மேசைகளில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். ரியூசன் நோட்ஸை விரித்து வைத்திருப்பார்கள். பின்னால் இருக்கிற அலுமாரிகளுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடுசலும் இராது. ஓ/எல், ஏ/எல் முடிந்ததும் அவர்கள் வருவதும் முடிந்துவிடும். பத்திரிகைப் பகுதியில் ஓய்வூதியகாரர் சிலர். இரண்டுக்கும் நடுவில் உள்ள வயதுக்காரருக்கு நூலகம் என்பது பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிற ஒரு பெயர்ப்பலகை.

நூலகத்தை நாங்கள் படிக்கிற இடமாகவும் அழுகிற இடமாகவும் வைத்துக்கொண்டோம். சந்தோஷமாக இருக்கிற இடமாக வைத்துக்கொள்ளவில்லை. என் குறை இது ஒன்றுதான்.

கார்னிவலில் எழும்பிய கட்டடம்

அழுகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1981 மே 31 இரவும் அடுத்த நாளும் யாழ்ப்பாணத்தில் நடந்ததைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. பொது நூலகம் எரிந்தது, அதோடு 97,000 நூல்கள். அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது, பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. தீயைப் பார்த்த அதிர்ச்சியில் தாவீது அடிகள் உயிர்விட்ட கதையை ஒவ்வொரு யூன் மாதமும் எங்கேயாவது எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கட்டடம் எப்படி எழும்பியது என்பதைச் சொல்ல மறந்துபோகிறோம். 1933இல் க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களை ஊராருக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை. 844 நூல்கள், முப்பத்துச் சொச்சம் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும். நிரந்தரக் கட்டடம் வேண்டும் என்று வந்தபோது, மேயர் சாம் சபாபதியும் லோங் அடிகளாரும் மற்றவர்களும் சேர்ந்து காசு திரட்டிய விதம் அருமையானது. கார்னிவல் நடத்தினார்கள். இந்தியாவிலிருந்து கலைஞர்களை வரவழைத்து இசைக்கச்சேரியும் நடனமும் வைத்தார்கள். லொத்தர் சீட்டு விற்றார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட, நூலகவியல் மேதை எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை சொல்ல, 1954இல் அடிக்கல் நட்டு, 1959இல் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்த அந்த வெள்ளை மாளிகைக்குள், ராட்டினத்தில் சுற்றிய பிள்ளைகளின் சில்லறைக் காசும் கிடக்கிறது. பொழுதுபோக்கும் புத்தகமும் இரண்டு சாதி என்று அந்தத் தலைமுறை நினைக்கவில்லை.

கீரிமலையைச் சுற்றியிருந்தவர்களும் அப்படி நினைக்கவில்லை. பக்கத்து ஊர்களை எண்ணிப் பாருங்கள். காங்கேசன்துறையில் நடிகமணி வி. வி. வைரமுத்து, அவருடைய வசந்த கான சபா. அரிச்சந்திர மயான காண்டம் அவரை வைத்து ஆயிரக்கணக்கான தடவை மேடையேறியது. விடியவிடியப் பாய் போட்டு இருந்து பார்த்த சனங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அளவெட்டியில் நாதஸ்வரத்துக்கு என். கே. பத்மநாதன், கவிதைக்கு மஹாகவி உருத்திரமூர்த்தி. 'குறும்பா' என்று ஐந்தடியில் சிரிக்கவைக்கிற வடிவம் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்து 1966இல் புத்தகமாகவே போட்டவர் அவர். குரும்பசிட்டியில் 'ஈழகேசரி' நா. பொன்னையா; 1930இல் அவர் தொடங்கிய அந்த வாரப் பத்திரிகை 1958 வரை வந்தது. அதே ஊரில் இரசிகமணி கனக செந்திநாதன். அவர் நடந்துபோனால் ஒரு வாசிகசாலை நடந்துபோகிறது என்று சொல்வார்களாம். கீரிமலையிலிருந்து சைக்கிளில் போய் வருகிற தூரத்துக்குள்ளே இவ்வளவும்!

பிறகு 1990 வந்தது. யூன் மாதத்தில் மீண்டும் சண்டை மூள, கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை, மயிலிட்டி என்று வலிகாமம் வடக்கின் கரையோரம் முழுதும் வெளியேறியது. உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் ஊர் பூட்டப்பட்டது. மல்லாகத்தில் கோணப்புலம் போன்ற முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கல்யாணமும் முடித்தது. சண்டை முடிந்த பிறகு துண்டு துண்டாகக் காணி விட்டார்கள். இன்னும் விடாத காணிகள் உண்டு. திரும்பி வந்தவர்கள் முதலில் கிணற்றை இறைத்தார்கள், கூரை போட்டார்கள், கோயிலைப் பார்த்தார்கள். வாசிகசாலையும் நூலகமும் அந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் வரும் என்று யாரும் அவர்களிடம் குறைப்பட முடியாது. இருபது இருபத்தைந்து வருஷம் நிரந்தர முகவரியே இல்லாமல் இருந்தவருக்கு, முகவரி கேட்கிற ஓர் அட்டை எடுக்கிற பழக்கம் எங்கிருந்து வரும்?

கல்வெட்டுகள் போய்ச் சேர்ந்த இடம்

அட்டையே கேட்காத ஒரு நூலகம் இருக்கிறது. 2005இல் சில இளைஞர்கள் சம்பளம் இல்லாமல் தொடங்கிய noolaham என்கிற இணைய முகவரியைத்தான் சொல்கிறேன். தமிழில் 'நூலகம்' என்று தட்டினாலே முன்னுக்கு வந்து நிற்கும். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை, பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் மின்வருடி வைத்திருக்கிறார்கள். ஆவணங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. பதிவு, கட்டணம், பிணை எதுவும் கிடையாது. புகைப்படம், ஒலி, ஒளிப் பதிவுகளுக்கு 'ஆவணகம்' என்று தனியாக ஒன்று.

இந்த இணைய நூலகத்தின் ஒரு பகுதி கீரிமலையோடு நேரே தொடர்புள்ளது. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் ஒருவர் தவறினால் 31ஆம் நாள் அந்தியேட்டி. அதற்கு ஐயரோடு வந்து இறங்குகிற இடம் பெரும்பாலும் இதே கீரிமலைக் கரை. கிரியை முடித்து வீட்டுக்குப் போனதும் மதியச் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகம் கையில் தருவார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. முதல் பக்கத்தில் படம், அடுத்ததில் இறந்த திதியைச் சொல்லுகிற வெண்பா, பிறகு வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம். வசதியான குடும்பமாக இருந்தால் ஊர் வரலாறோ, கைவைத்தியக் குறிப்போ, கிடைக்காமற் போன ஒரு பழைய பிரபந்தமோ சேர்த்து அச்சடிப்பார்கள். சிலர் அதைப் பூசையறையில் வைப்பார்கள். சிலர் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

இப்படி விட்டுப்போன ஆயிரக்கணக்கானவற்றை நூலகத்தார் தேடிச் சேர்த்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். 1990இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட வீடுகளில் அல்பம் இல்லை, உறுதி இல்லை, பேரனின் பிறப்புச் சாதகம் இல்லை. ஆனால் அம்மம்மாவின் தமையனுக்கு 1970களில் அடித்த கல்வெட்டு இன்னொரு ஊரில், இன்னொரு வீட்டுப் பரணில் இருந்திருக்கும். அதிலே இவர்களுடைய அம்மம்மாவும் ஒரு பெயராக, சில வேளை ஒரு படமாக இருப்பார். போர் தின்ற குடும்பச் சரித்திரத்தை மீட்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பொழுதுபோக்கு என்றும் துணிந்து சொல்வேன். எங்கள் கிழவிகளுக்கு வம்சாவளி கதைப்பதை விடப் பெரிய பொழுதுபோக்கு என்ன இருக்கிறது? சாவிகொடுத்த மாதிரித் தொடங்கிவிடுவார்கள்: இன்னாருக்கு மூன்று பெண், நடுப்பெண் சுழிபுரத்தில் கட்டியது, அதின்ர மச்சாள்தான் உங்கட ரீச்சர்.

சிரிக்க விரும்புகிறவர்களுக்கு 'சிரித்திரன்'. சிவஞானசுந்தரம் 1960களில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கொணர்ந்த அந்தச் சஞ்சிகையின் பழைய இதழ்கள் அங்கே கிடக்கின்றன. சவாரித்தம்பர் என்கிற கார்ட்டூன் பாத்திரத்தை அறியாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கத்தைக் காட்டிப் பாருங்கள். மீம் என்று இவர்கள் அனுப்பிக்கொள்வதை அந்த மனுஷன் அரை நூற்றாண்டுக்கு முன்னமே கோட்டோவியமாகப் போட்டுவிட்டார். டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை', 'மறுமலர்ச்சி', 'ஈழகேசரி', மஹாகவியின் தொகுப்புகள் என்று போனால் ஒரு விடுமுறை போதாது. சென்னையில் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்துகிற தமிழ் மின்னூலகமும் இதே போல் இலவசம். அங்கே தமிழ்நாட்டுப் பழைய நூல்களும் இதழ்களும்.

ஒரு சிக்கல் உண்டு. கல்வெட்டைத் தேட ஆசைப்படுகிற எழுபது வயதுக்காரருக்குப் போனில் எழுத்துப் பெருப்பித்துப் பார்க்கத் தெரியாது. தெரிந்த பேரனுக்குக் கல்வெட்டில் அக்கறை இல்லை. இந்த இரண்டு பேரையும் ஒரு மேசையில் இருத்துவதற்குத்தான் உள்ளூர் நூலகமும் ஒரு பெரிய திரையும் ஒரு நூலகரும் வேண்டும். இணையம் வந்துவிட்டது, இனிமேல் கட்டடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னுடைய பதில் அந்த மேசைதான்.

ஸ்காபரோவில் இருக்கிற மருமகளின் அட்டை

கீரிமலைக்காரரின் பாதிச் சொந்தம் கனடாவில். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். நகரத்தில் வசிப்பவருக்கு, வேலை செய்பவருக்கு, படிப்பவருக்கு அட்டை இலவசம். அந்த ஓர் அட்டையில் தமிழ்ப் புத்தகம், தமிழ்ப் படம், மின்னூல், ஒலிநூல், வீட்டிலிருந்து பார்க்கிற திரைப்படச் சேவை எல்லாம் வருகின்றன. அரும்பொருட்காட்சியகங்களுக்கும் கலைக்கூடங்களுக்கும் குடும்பத்தோடு போக அனுமதிச்சீட்டும் எடுக்கலாம். அது எண்ணிக்கையாகத்தான் வரும், முந்துகிறவருக்குக் கிடைக்கும். சில கிளைகளில் கிற்றார், வயலின் கூட இரவல். பிந்திக் கொடுத்தால் தண்டம் என்பதையும் எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் தமிழ்ச் சமூகத்தினரோடு சேர்ந்து உள்ளூர்த் தமிழ் இலக்கியம், நாடகம், இசை, நடனம் என்று ஒவ்வொன்றாக மின்வடிவாக்கிப் பொதுவில் வைத்தது.

காசுள்ள நாடு, செய்கிறார்கள் என்று தட்டிவிடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ரொறன்ரோவின் அரும்பொருட்காட்சியகங்களும் நூலகமும் வேறு வேறு நிறுவனங்கள். இரண்டையும் ஓர் அட்டைக்குள் கொண்டுவந்தது காசு மட்டும் அல்ல, பேசி எடுத்த ஓர் உடன்பாடு. எங்களிடம் சேர்க்கிறதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், இருக்கிறதுதான். 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி யாழ்ப்பாணம் வந்தபோது நகுலேஸ்வரத்திலும் கும்பிட்டார், நகரில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் புல்லுக்குளக் கரையில் ஒரு கலாசார மண்டபத்துக்கும் அடிக்கல் வைத்தார். 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டு, இப்போது திருவள்ளுவர் பெயரோடு நிற்கிற அந்தக் கட்டடத்தில் 600 பேர் இருக்கிற அரங்கும் அரும்பொருட்காட்சியகமும் உண்டு. நூலகம் ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம், அரங்கு அந்தப் பக்கம். நூலக அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு கச்சேரிக்குப் பின்வரிசையில் நான்கு இருக்கை ஒதுக்கினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

அதற்கும் முன்னால் ஓர் எல்லைப் பிரச்சினை. எங்கள் உள்ளூராட்சி நூலகங்கள் இரவல் கொடுப்பதைத் தங்கள் தங்கள் எல்லைக்குள்ளே வைத்திருக்கின்றன. காங்கேசன்துறை ரெயில் 2015 யனவரியிலிருந்து மறுபடி ஓடுகிறது; மாவிட்டபுரத்தில் ஏறினால் தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று கடந்து யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். அந்த வழியில் எத்தனை சபைகளின் எல்லை குறுக்கே போகிறது! தினமும் அதில் வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிற பிள்ளை காலையில் ஒரு நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் பின்னேரம் இன்னொரு நூலகத்தில் கொடுக்க முடியாது. வலிகாமத்துச் சபைகளும் மாநகர சபையும் ஒரு பொது அட்டைக்கு ஒத்துக்கொண்டால் போதும். புதிதாக ஒரு கல் கூட வைக்கத் தேவையில்லை.

கல் வைத்த கதையும் கீரிமலையில் ஒன்று உண்டு. மகிந்த ராஜபக்ச காலத்தில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் எழும்பிய ஜனாதிபதி மாளிகை. சொந்தக் காணியைக் கேட்டுக்கொண்டு சனம் வெளியில் நிற்க, உள்ளே எழும்பியது அது. அதை யாரிடம் கொடுப்பது, என்ன செய்வது என்று அரசாங்கம் மாறி மாறி யோசித்தாயிற்று. காணிக்காரரின் நியாயம் முதலில் தீர வேண்டும். அதற்குப் பிறகு அங்கே ஹோட்டல் வரப்போகிறதா, கல்லூரி வரப்போகிறதா என்கிற பேச்சில், இந்த ஊருக்கு ஒரு நல்ல சிறுவர் நூலகம் என்ற சொல்லை ஒருவராவது எடுத்தால் நன்றாயிருக்கும்.

மாளிகை கிடைக்காவிட்டாலும் ஒக்டோபர் வரும். ஆண்டுதோறும் அது தேசிய வாசிப்பு மாதம். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை அறிவிக்க, ஒவ்வொரு பொது நூலகமும் ஏதாவது செய்யும்: பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு, தலைமையுரை. பிள்ளைகள் வாசிப்பின் மேன்மையைப் பற்றி மனப்பாடம் செய்து பேசிவிட்டு, பரிசாகக் கிடைத்த சான்றிதழோடு போவார்கள்.

2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேலாக உறுப்பினரே இல்லாமல் கிடந்த சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் மறுபடி ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்னுடைய கோரிக்கை சிறியது. இந்த ஒக்டோபரில் பேச்சுப் போட்டியை ஒரு தடவை ஒத்திவையுங்கள். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் பின்னேரம் ஆறு மணிக்குத் திரையைக் கட்டுங்கள். வைரமுத்துவின் மயான காண்டத்தை நேரில் பார்த்தவர்கள் இந்தப் பகுதியில் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்தி ஒவ்வொருவராகச் சொல்ல விடுங்கள், போனில் பதியுங்கள், யாரிடமாவது பழைய ஒலிநாடா இருந்தால் இரவல் வாங்குங்கள். பதிந்ததை ஆவணகத்துக்கு அனுப்பினால் அவர்கள் வைத்துக் காப்பாற்றுவார்கள். மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு, அங்கத்துவப் படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுக்கலாம். விதானையாரையும் நிகழ்ச்சிக்கு அழைத்துவிடுங்கள். கையெழுத்துக்காக இன்னொரு நாள் அலையத் தேவையில்லை.